மாத்திரை போட்டா பகல் முழுக்கத் தூக்கமா வருதா? நீங்களா நிறுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மணி காலை பதினொன்று. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரே மெயிலை மூன்றாவது முறையாகப் படிக்கிறீர்கள், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. ரெண்டு காபி குடிச்சாச்சு, முகம் கழுவியாச்சு. ஆனாலும் கண் தானாக மூடுகிறது. இத்தனைக்கும் நேற்று இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வரும். 'எல்லாம் இந்த மாத்திரையாலதான். இன்னிக்கு நைட் போடாம விட்டுப் பார்ப்போமா?'

டிப்ரெஷனுக்கோ, பதற்றத்துக்கோ, தூக்கமின்மைக்கோ மாத்திரை எடுக்கிற பலருக்கும் ஒருமுறையாவது இந்த யோசனை வந்திருக்கும். அதில் பாதி சரி, பாதி ஆபத்து. மாத்திரையால் பகலில் தூக்கம் வரலாம் என்பது சரி. நீங்களாகவே நிறுத்துவது ஆபத்து. பெரும்பாலும் சிகிச்சையை விடாமலேயே இந்தத் தூக்கத்தைக் குறைக்க முடியும். நேரத்தை மாற்றுவது, அளவைத் திருத்துவது, வேறு மருந்துக்கு மாறுவது என டாக்டரிடம் பல வழிகள் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய அவருக்கு உங்களிடமிருந்து ஒரு தகவல் வேண்டும்: தூக்கம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது? அதைக் கண்டுபிடிப்பது எப்படி, டாக்டரிடம் சொல்வது எப்படி, அதுவரை பகலை ஓட்டுவது எப்படி? பார்க்கலாம்.

தூக்கமா, சோர்வா, 'எதுலயும் இஷ்டம் இல்ல'யா?

'டயர்டா இருக்கு டாக்டர்' என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, தூக்கக் கலக்கம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை சாய்கிறது. மதியம் படுத்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறீர்கள். கண் இமை கனக்கிறது. இதற்கு மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, உடல் சோர்வு. ஒரு மாடி ஏறினாலே கால் ஓய்ந்துபோகிறது. ஆனால் படுத்தால் தூக்கம் வராது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு போன்றவை பின்னால் இருக்கலாம். டிப்ரெஷனுக்கே இந்தச் சோர்வு ஒரு முக்கியமான அறிகுறி.

மூன்றாவது, ஆர்வமின்மை. தூக்கமும் இல்லை, உடம்பு வலியும் இல்லை. ஆனால் ஃபிரெண்ட்ஸ் குரூப்பில் 200 மெசேஜ் கிடந்தாலும் திறக்கத் தோன்றவில்லை. அழுகையும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. மனசு மரத்துப்போன மாதிரி இருக்கிறது. டிப்ரெஷன் இன்னும் முழுதாகக் குறையவில்லை என்பதன் அடையாளமாக இது இருக்கலாம். சிலருக்கு மருந்தாலும் இப்படி வரும்.

மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. அதனால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் இப்படித்தான் இருந்தேனா?' ஆமாம் என்றால், பழியை முழுக்க மாத்திரைமேல் போட முடியாது.

மாத்திரை எப்படித் தூங்கவைக்கிறது?

ஜலதோஷ மாத்திரை போட்டால் தூக்கம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மூளையை விழிப்பாக வைத்திருக்கிற ரசாயனங்களில் ஒன்று ஹிஸ்டமின். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் அதன் வேலையைத் தடுப்பதால் தூக்கம் வருகிறது. அமிட்ரிப்டிலின், மிர்டாஸபின் போன்ற டிப்ரெஷன் மருந்துகளும் இதே ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. குளோனஸெபாம், அல்பிரஸோலம், ஸோல்பிடெம் போன்றவை வேறு வழியில் போகின்றன. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையை அவை கூட்டுகின்றன.

தூங்கவைப்பது ஒரு பக்கம். காலையில் அந்த மருந்து உடம்பைவிட்டுப் போய்விட்டதா என்பதுதான் பகல் தூக்கத்துக்கான முக்கியமான கேள்வி. இதை 'அரை ஆயுள்' என்று சொல்வார்கள். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது.

குளோனஸெபாமின் அரை ஆயுள் சுமார் 30 முதல் 40 மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டால், காலை 8 மணிக்கும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் இருக்கும். அடுத்த இரவு மறுபடி போடும்போது, முந்தைய மாத்திரையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு வாரத்தில்தான் அளவு ஒரு நிலைக்கு வரும். அதனால்தான் முதல் ரெண்டு நாள் 'சூப்பரா இருக்கு' என்று தோன்றிய மாத்திரை, ஐந்தாவது நாள் பகலில் ஆளைச் சாய்க்கிறது. டயஸெபாம் இதைவிட மெதுவாக வெளியேறும். அல்பிரஸோலத்துக்குச் சுமார் 11 மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டது காலை 9 மணிக்குப் பாதியாகியிருக்கும்.

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள்

பிராண்ட் பெயரை விடுங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

அமிட்ரிப்டிலின், மிர்டாஸபின், டிராஸோடோன்: நன்றாகத் தூங்கவைக்கும் வகை. வழக்கமாக இரவில்தான் தருவார்கள். அமிட்ரிப்டிலினை மைக்ரேனுக்கும் நரம்பு வலிக்கும் குறைந்த அளவில் தருவது உண்டு. 'எனக்கு டிப்ரெஷனே இல்லையே, ஏன் தூக்கம் வருது?' என்று குழம்புபவர்கள் ஸ்ட்ரிப்பில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பராக்ஸெட்டின்: இதே குடும்பத்தின் மற்ற மருந்துகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கம் தரலாம்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின்: ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், இன்னொருவருக்குத் தூக்கமாக வரும். ஃபிரெண்டுக்குக் காலையிலும் உங்களுக்கு இரவிலும் எழுதித் தரப்படுவது இதனால்தான்.

ஃப்ளூஆக்ஸெட்டின்: பெரும்பாலும் விழிப்பைக் கூட்டும் என்பதால் காலையில் எடுக்கச் சொல்வார்கள். இதை இரவில் எடுத்து, இரவுத் தூக்கம் கெட்டு, அதனால் பகலில் தூங்கி வழிகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பெயர் இருந்தால் கூடுதல் கவனம். நம் ஊரில் எஸ்சிட்டலோப்ராமும் குளோனஸெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது ரொம்ப சகஜம். அமிட்ரிப்டிலினும் குளோர்டையாஸெபாக்ஸைடும் சேர்ந்த மாத்திரையும் உண்டு. 'நான் ஒரு மாத்திரைதானே போடறேன்' என்று நினைப்பீர்கள். உள்ளே போவது ரெண்டு மருந்து. பகல் தூக்கத்துக்கு அந்த இரண்டாவது மருந்து காரணமாக இருக்கலாம். குளோனஸெபாம் போன்றவற்றை ஆரம்பத்தில் சில வாரங்களுக்குத் தந்துவிட்டு, பிறகு டாக்டர் மெல்லக் குறைப்பது வழக்கம். ரிவ்யூவுக்குப் போகாமல் பழைய சீட்டை வைத்தே மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால், குறைக்க வேண்டியது குறையாமலே போகும்.

ராத்திரி 2 மணிக்குப் போடும் மாத்திரை

ஸோல்பிடெம் வேகமாக வேலை செய்து வேகமாக வெளியேறும் தூக்க மாத்திரை. அரை ஆயுள் சுமார் இரண்டரை மணி நேரம்தான். இரவு 10.30-க்குப் போட்டு காலை 6.30-க்கு எழுந்தால், எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். பிரச்னை எங்கே வருகிறது? 'இன்னிக்கு மாத்திரை இல்லாமத் தூங்கிப் பார்க்கறேன்' என்று படுத்து, புரண்டு புரண்டு, 2.30 மணிக்குத் தாங்க முடியாமல் போடும்போது. 6.30-க்கு அலாரம் அடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மருந்து இன்னும் ரத்தத்தில் இருக்கும். அந்த நிலையில்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

இதைப் போட்டால் குறைந்தது 7 முதல் 8 மணி நேரம் படுக்கையில் இருக்க முடிய வேண்டும். முடியாது என்றால் அன்றைக்கு வேண்டாம். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் மருந்து தாமதமாகத்தான் வேலையை ஆரம்பிக்கும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. ஸோல்பிடெம் பெண்களின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும் கவனத்தைப் பாதிக்கும் அளவு ரத்தத்தில் மிச்சம் இருப்பதைக் கவனித்து, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-ல் பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கச் சொன்னது. உங்கள் சீட்டில் 10 என்று இருந்து, காலையில் தலை கிறுகிறுத்தால், டாக்டரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

'0-0-1' என்றால் என்ன?

மருந்துச் சீட்டில் 1-0-1, 0-0-1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று அர்த்தம். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது ஒரு பெரிய குழப்பம். '0-0-1' என்று இருக்கிறதே என்று இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு 10 மணிக்கு லாகின் செய்தால் என்ன ஆகும்? மருந்து உங்களைத் தூங்கச் சொல்லும், மேனேஜர் விழித்திருக்கச் சொல்வார்.

உங்களுக்கு 'இரவு' என்பது நீங்கள் படுக்கும் நேரம். காலை 8 மணிக்குத்தான் படுப்பீர்கள் என்றால் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஷிஃப்ட் வாரா வாரம் மாறினால் அதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சில மருந்துகளின் நேரத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம், சிலவற்றைப் படிப்படியாகத்தான் நகர்த்த வேண்டும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

டிப்ரெஷன் மருந்துகளில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. பக்க விளைவு முதல் நாளே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் இருக்கும் நாட்களில் 'நல்லது ஒண்ணும் நடக்கல, தூக்கம் மட்டும்தான் மிச்சம்' என்று தோன்றும். பலர் மாத்திரையைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆரம்பத்தில் வரும் தூக்கக் கலக்கம் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் குறைந்துவிடும். உடம்பு பழகிக்கொள்ளும். அதனால் லேசான கலக்கம் என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஒரு மாதம் கழித்து என்றாலும், முன்னாடியே போன் செய்து கேளுங்கள்.

ஏழு நாள் குறிப்பு: உங்கள் போனே போதும்

போனில் நோட்ஸ் ஆப்பைத் திறங்கள். ஏழு நாட்களுக்கு, தினமும் இரண்டு நிமிடம். ஐந்தே விஷயங்கள்:

1. மாத்திரை போட்ட சரியான நேரம். ('ராத்திரி' என்று எழுத வேண்டாம், '10.40' என்று எழுதுங்கள்.)
2. தூங்கப் போன நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு.
3. பகலில் தூக்கம் எப்போது அதிகம்? காலையா, மதியமா, நாள் முழுக்கவா? பத்துக்கு எத்தனை மார்க்?
4. காபி, டீ எத்தனை, கடைசியாக எத்தனை மணிக்கு? மது உண்டா?
5. அன்று போட்ட வேறு மாத்திரைகள். ஜலதோஷத்துக்குப் போட்டதும் சேர்த்து.

ஏழாவது நாள் திருப்பிப் பார்த்தால், தலையும் காலும் புரியாத சோர்வுக்கு ஒரு வடிவம் கிடைக்கும்.

காலையில் 8 மார்க், மதியம் 3 மார்க், சாயங்காலம் தெளிவு என்று இருந்தால், இரவு போட்டது காலையில் மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கொஞ்சம் முன்னதாகப் போடுவதா, அளவைக் குறைப்பதா என்று டாக்டர் யோசிப்பார்.

காலை மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் சாய்கிறது என்றால், அதை இரவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

நாள் முழுக்க ஒரே மாதிரி 6 மார்க், இரவில் மூன்று நான்கு முறை விழிப்பு என்றால், பிரச்னை இரவுத் தூக்கத்திலேயே இருக்கலாம். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ரூம்மேட்டையோ வீட்டில் உள்ளவர்களையோ கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்னை இருப்பவர்களுக்குத் தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கலாம்.

டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்க

'டயர்டா இருக்கு' என்று மட்டும் சொன்னால், 'கொஞ்ச நாள்ல சரியாகிடும்' என்ற பதிலோடு வெளியே வந்துவிடுவோம். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர், நைட் 10.30-க்கு மாத்திரை போடறேன். காலைல 7-க்கு எழுந்தாலும் 11 மணி வரைக்கும் தூக்கம் கலையறதே இல்ல. மதியத்துக்கு மேல ஓகே. மூணு வாரமா இப்படித்தான் இருக்கு. நான் டூ வீலர்ல 14 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போறேன். நேரத்தையோ அளவையோ மாத்த முடியுமா?"

மொத்தமே இருபது நொடி. நேரம், எத்தனை நாளாக, உங்கள் வேலை, உங்கள் கேள்வி எல்லாம் அதில் இருக்கிறது.

அவர் என்ன செய்யலாம்? நேரத்தை மாற்றலாம். அளவைக் குறைக்கலாம். சேர்ந்து வரும் மாத்திரையைப் பிரித்து, தூங்கவைக்கும் பாதியை மட்டும் மெல்லக் குறைக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். சில சமயம் ஆச்சரியமாக, அளவைக் கூட்டவும் செய்யலாம். மிர்டாஸபின் சிலருக்குக் குறைந்த அளவில்தான் அதிகம் தூங்கவைக்கும், கூட்டினால் தூக்கம் குறையும். இதையெல்லாம் நீங்களாக முயன்று பார்க்கக் கூடாது. சில மாத்திரைகளை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது என்பதும் உண்டு. உடைத்தால் மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வெளிவந்துவிடும்.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாத்திரைமேல் நாம் சந்தேகப்படும் சோர்வுக்குக் காரணம் ஹீமோகுளோபினாகவும் இருக்கலாம்.

அதுவரை பகலை எப்படி ஓட்டுவது?

வெளிச்சம்: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ தெருவிலோ 20 நிமிடம் நில்லுங்கள், நடங்கள். 'பகல் ஆரம்பிச்சாச்சு' என்று மூளைக்குச் சொல்லும் முதல் அலாரம் காலை வெளிச்சம். மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறைக்குள் எரியும் விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

காபி: காஃபினின் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். இரவுத் தூக்கம் கெடும், அடுத்த நாள் இன்னும் தூக்கம், இன்னும் காபி என்று ஒரு சுற்று ஆரம்பிக்கும். மதியம் 2 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓ.சி.டி.க்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸமின் எடுப்பவர்கள் கவனம்: அந்த மருந்து காஃபினை உடம்பில் பல மடங்கு நேரம் தங்கவைக்கும். ஒரு காபியே படபடப்பைத் தரலாம்.

குட்டித் தூக்கம்: 20 நிமிடம், மதியம் 3 மணிக்கு முன், அலாரம் வைத்து. ஒரு மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை இன்னும் கனக்கும்.

சாப்பாடு: மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் மாத்திரை இல்லாதவர்களுக்கே கண் சொக்கும். சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, காய்கறியைக் கூட்டுங்கள்.

நடை: தூக்கம் வரும்போது ஸ்க்ரீனை வெறிப்பதைவிட, எழுந்து பத்து நிமிடம் நடப்பது பலன் தரும். முக்கியமான வேலையை உங்கள் குறிப்பில் மார்க் குறைவாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

எழும் நேரம்: ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்கினால் திங்கள்கிழமை அதற்கான விலையைக் கேட்கும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது போன்றவை தூக்கமின்மைக்கான சி.பி.டி. சிகிச்சையின் பகுதிகள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகவே இந்தச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. மாத்திரையை என்றைக்காவது குறைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வண்டிச் சாவி

இது மட்டும் பேரம் பேச முடியாத விஷயம். மாத்திரை ஆரம்பித்த முதல் சில நாட்கள், அளவைக் கூட்டிய நாட்கள், நடுராத்திரியில் தூக்க மாத்திரை போட்ட மறுநாள் காலை... இந்த நாட்களில் வண்டியைத் தொடாதீர்கள். 'எனக்குத் தெளிவாத்தான் இருக்கு' என்ற நினைப்பை நம்ப முடியாது. மருந்தின் மிச்சம் முதலில் மழுங்கச் செய்வதே அந்தக் கணிப்பைத்தான். பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ, ஃபிரெண்டின் பின் சீட், எதுவானாலும் சரி. மெஷினில் வேலை செய்பவர்கள், உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கூட சேரக் கூடாதவை

மது: மருந்தும் மதுவும் சேர்ந்தால் தூக்கம் கூடுவதோடு நிற்காது. குறிப்பாகக் குளோனஸெபாம், அல்பிரஸோலம், ஸோல்பிடெம் போன்றவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். 'ஒரு பியர்தானே' என்பதற்கு இங்கே இடமில்லை.

ஜலதோஷ மாத்திரை, இருமல் சிரப்: குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரையும், கோடீன் கலந்த சிரப்பும் தூக்கத்தை இரட்டிப்பாக்கும். செட்ரிசின்கூடச் சிலருக்குத் தூக்கம் தரும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போது, 'நான் இந்த மாத்திரை எடுக்கறேன், தூக்கம் வராத மாதிரி குடுங்க' என்று சொல்லுங்கள்.

மற்ற மருந்துகள்: நரம்பு வலிக்கான ப்ரீகாபலின், மைக்ரேனுக்கான ஃப்ளூனரிஸின், படபடப்புக்கான ப்ரொப்ரனலால் ஆகியவையும் சோர்வு தரக்கூடியவை. அஸ்வகந்தா போன்ற மூலிகை எடுத்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்தவர் மாத்திரை: 'எங்க அக்கா இதைத்தான் போடறா, நல்லாத் தூக்கம் வருது' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அல்பிரஸோலம், ஸோல்பிடெம் போன்றவை ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. 2014 முதல் இவற்றை விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் பெயரையும் டாக்டரின் பெயரையும் தனி ரிஜிஸ்டரில் எழுதிவைக்க வேண்டும். சீட்டு கேட்டால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைக்காதீர்கள். அது அவருடைய கடமை.

திடீர்னு நிறுத்தினா?

டிப்ரெஷன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், பயங்கரக் கனவுகள், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு உணர்வு வரலாம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இது அதிகம். குளோனஸெபாம், அல்பிரஸோலம் வகையை நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். வலிப்புகூட வரலாம். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருந்தால், நிறுத்துவது ஒன்றை அல்ல, இரண்டையும்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. நிறுத்திய முதல் வாரம் பகலில் தெளிவாக இருக்கும். 'பார்த்தியா, மாத்திரைதான் பிரச்னை' என்று தோன்றும். டிப்ரெஷன் திரும்பி வருவது வாரங்கள் கழித்து, மெதுவாக. அப்போது அதையும் இதையும் நாம் தொடர்புபடுத்திப் பார்ப்பதே இல்லை.

ஒருநாள் மறந்துவிட்டால்? அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு போதும்.

வீட்ல என்ன சொல்றது?

"மாத்திரை போட்டுப் போட்டுத் தூங்கிக்கிட்டே இருக்கா. இதெல்லாம் எதுக்கு? யோகா பண்ணு, சரியாப்போயிடும்." பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. அவர்கள் பயத்தில்தான் சொல்கிறார்கள். சண்டை போடாமல் ஒரு கணக்கு கொடுங்கள்: "அம்மா, இது சோம்பேறித்தனம் இல்லம்மா, மருந்தோட வேலை. மூணு வாரம் டைம் குடு. குறையலைன்னா டாக்டர்கிட்ட மாத்தச் சொல்லலாம், நீயும் கூட வா." அம்மா கூட வந்தால் இன்னொரு நன்மை: உங்கள் குறட்டையைப் பற்றி டாக்டரிடம் சொல்ல ஒரு சாட்சி கிடைக்கும்.

ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு மருந்து எடுத்துட்டிருக்கேன், காலைல கொஞ்சம் மந்தமா இருக்கு. ரெண்டு வாரத்துக்கு லேட் லாகின் கிடைக்குமா?" போதும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, உளறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், நடுக்கம், அதிக வியர்வை, உடல் விறைப்பு, பரபரப்பு எல்லாம் சேர்ந்து வந்தாலும் அவசரம்தான்.

தூக்கத்தில் எழுந்து நடந்தீர்கள், சமைத்தீர்கள், காலையில் ஞாபகமே இல்லை என்றால், அந்தத் தூக்க மாத்திரையை மறுபடி போடுவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு தூக்கமே தேவைப்படாமல், எனர்ஜி பொங்கி, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போனால் அதையும் உடனே சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இந்த மாத்திரை எடுத்து, திடீரென்று குழப்பமாகவோ தள்ளாட்டமாகவோ இருந்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம்.

25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டிப்ரெஷன் மருந்து ஆரம்பிக்கும் நாட்களிலும், அளவு மாறும் நாட்களிலும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அப்படி ஒரு எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் இலவசம்.

இன்னிக்கு நைட் மாத்திரையை விடலாமா என்று யோசித்துக்கொண்டே இதைப் படித்திருந்தால், ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள். போட்டதும் போனில் நோட்ஸைத் திறந்து நேரத்தை எழுதுங்கள். ஏழு நாள் கழித்து டாக்டர் முன்னால் உட்காரும்போது, 'டயர்டா இருக்கு' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக உங்கள் கையில் ஒரு வாரக் கணக்கு இருக்கும். மனசும் தெளிவாக இருக்க வேண்டும், பகலும் தெளிவாக இருக்க வேண்டும். ரெண்டையும் சேர்த்தே கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு!